பெரியப்பாவின் துப்பாக்கி உறை

எங்கள் ஊரில் ஒரே ஒரு துப்பாக்கிதான் இருந்தது. அது பெரியப்பாவுடையது. அதைச் சுட்டு நான் பார்த்ததில்லை. ஊரிலும் பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் அதன் உறையைப் பார்க்காதவர் கிடையாது. விழுப்புரம் ரயிலடிக்கு எதிரே, ரயில்வே துரைமார்களுக்குத் தோல்பெட்டி தைத்துக் கொடுத்த ஒருவரிடம் அளவு கொடுத்துச் செய்தது அது. மேலே கெட்டி மாட்டுத்தோல், உள்ளே சிவப்புக் கம்பளித் துணி, வாய்ப்பக்கம் இரண்டு பித்தளைக் கொக்கிகள், தோளில் மாட்டிக்கொள்ள நாலு விரல் அகல வார். வெள்ளிக்கிழமைதோறும் அதற்கு விளக்கெண்ணெய் தடவித் துடைப்பது என் வேலை. அப்போது எனக்கு எட்டு வயது. அப்பா இறந்துபோய், அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டுச் சோற்றில் இருந்தோம்.

காட்டுப்பன்றி வந்து மல்லாட்டைக் கொல்லையில் நிலக்கடலையைத் தோண்டிப்போடுகிறது என்று எழுதிக் கொடுத்துத்தான் பெரியப்பா லைசென்ஸ் வாங்கினார். பன்றிகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்ததாகத் தெரியவில்லை. அவை பாட்டுக்கு வந்தன, தோண்டின, போயின. செய்தி போய்ச் சேர்ந்தது ஆட்களுக்கு. கூலியைக் கூட்டிக் கேட்க வேண்டும் என்று சேரியில் பேச்சு எழுந்தால், மறுநாள் காலையில் பெரியப்பா உறையோடு கொல்லையை ஒரு சுற்று சுற்றி வருவார். பேச்சு அடங்கிவிடும்.

சுற்றி வருவது அவர், சுமந்து வருவது சூசை. தன் துப்பாக்கியைத் தானே தூக்கிக்கொண்டு நடப்பது பெரிய மனிதருக்கு அழகில்லையாம். சூசை எங்கள் பண்ணையாள். என் அப்பா உயிரோடு இருந்தால் அவர் வயதுதான் இருக்கும். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அன்றைக்கு அந்த வீட்டில் மாட்டுக்குக் கிடைத்த மரியாதைகூட அவருக்குக் கிடையாது. நானும் 'டேய்' என்று சொல்லாதது ஒன்றுதான் பாக்கி. பெரியப்பாவுக்குப் பத்தடி பின்னால், உறையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, அதன் வாய்ப்பக்கம் தன் உடம்பில் படாமல் நடப்பார். உறையைத் தூக்கலாம், கொக்கியைத் தொடக்கூடாது. அது சட்டம். ஒருமுறை கொக்கி ஒன்று தளர்ந்து தொங்கியதைப் பார்த்து, நல்லெண்ணத்தில் அதை இறுக்கிவிட்டார். தேர் வடம் பிடிக்கக் கூடியிருந்த ஊர் ஜனங்கள் முன்னால் பெரியப்பா அவர் கன்னத்தில் அறைந்தார். சூசை கன்னத்தைத் தடவிக்கொள்ளக்கூட இல்லை, இரண்டு கையாலும் உறையைப் பிடித்திருந்தார்.

அது யுத்த காலம். தனியார் வைத்திருக்கும் துப்பாக்கிகளைத் திண்டிவனம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று தாக்கீது வந்தது. வந்தது கிராம முன்சீப் மூலமாக. முன்சீப் பெரியப்பாவுக்கு மைத்துனர் முறை. ராத்திரியோடு ராத்திரியாக வந்து காதோடு சொல்லிவிட்டுப் போனார், வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

எனக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போகிறேன் என்று சாக்குச் சொல்லி, பெரியப்பா என்னையும் துப்பாக்கியையும் ஒன்றாகத் திண்டிவனத்துக்குக் கூட்டிப்போனார். சாலை வரைக்கும் சூசை சுமந்து வந்து, பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியில் ஓடிய பஸ்ஸில் ஏற்றிவிட்டார். ஸ்டேஷனில் ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியை உருவி, நம்பரைப் பார்த்து எழுதிக்கொண்டார். தோட்டாக்களையும் எண்ணி வாங்கிக்கொண்டார். பிறகு உறையைத் தூக்கிப் பெரியப்பாவின் மடியில் போட்டார்.

"இது சர்க்காருக்கு வேணாம்ங்க. நீங்களே எடுத்துக்கினு போங்க."

மடியில் தொய்ந்து கிடந்த அந்த உறையைப் பார்த்துக்கொண்டு பெரியப்பா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கே பாவமாக இருந்தது. அதற்காக இப்போதும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போகவில்லை. நேரே விறகு அறுத்து விற்கும் ஒரு தொட்டிக்குப் போனோம். பெரியப்பா நேரான சவுக்குக் கட்டை ஒன்றைப் பொறுக்கி, உறையின் நீளத்துக்கு அறுக்கச் சொன்னார். எதற்கென்று கேட்ட ஆளிடம் கடப்பாரைக்குக் காம்பு என்றார். கடப்பாரைக்கு ஏது காம்பு? அந்த ஆள் சிரித்ததுகூட அவர் காதில் விழவில்லை. மறைவாக நின்று கட்டையை உறைக்குள் செருகிக் கொக்கிகளை மாட்டினார். எனக்கு ரோஸ் கலர் ரிப்பன் ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

"யாரான்னா கேட்டா இன்னா சொல்லுவ?"

"தெரியாதுன்னு சொல்றேன்."

"பொய் சொல்லாத. பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும். உறை வீட்லதான் மாட்டியிருக்குதுன்னு சொல்லு. அது நெசந்தானே?"

நிஜம்தான். பொய்யே சொல்லாமல் பொய்யை நிலைநாட்டும் வித்தையை எனக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் அவர். நானும் கற்பூரமாகப் பற்றிக்கொண்டேன்.

சாயங்காலம் சாலையில் சூசை காத்திருந்தார். உறையை வாங்கித் தோளில் வைத்தவர், நடக்காமல் ஒரு நொடி நின்றார். ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார். பெரியப்பாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னாடா?" என்றார் பெரியப்பா.

"ஒண்ணுமில்லீங்க ஆண்ட," என்று சொல்லிவிட்டுப் பத்தடி பின்னால் போய்விட்டார்.

தாக்கீது விஷயம் அரசல் புரசலாக ஊருக்குள் வந்தபோது, மற்றவர்கள்தான் ஒப்படைக்க வேண்டும், தன் யோக்கியதையைப் பார்த்துத் துரை விட்டுவிட்டார் என்று பெரியப்பா சொல்லிக்கொண்டார். ஆயுத பூஜைக்கு உறையை மணையில் வைத்து, சந்தனம் பூசி, குங்குமம் இட்டு, பொரியும் கடலையும் படைத்தோம். கூடத்தில் எல்லோரும் சவுக்குக் கட்டையைக் கும்பிட்டார்கள். சிரிப்பை அடக்க முடியாமல் நான் கிணற்றடிக்கு ஓடினேன். இவ்வளவு பெரிய ரகசியம் எனக்கும் பெரியப்பாவுக்கும் மட்டும்தான் தெரியும் என்பதில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசி கடைசியில் மல்லாட்டை பிடுங்கும் சமயம். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது, ஏரியில் முக்கால்வாசி தரை தெரிந்தது. ஒருநாள் விடிந்து கொஞ்ச நேரத்துக்கெல்லாம், பெரிய ஒற்றைப் பன்றி ஒன்று ஏரிக்குள் கோரைப் புதரில் படுத்திருப்பதாக ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள். நாலு பேர் கொல்லையை அழித்த பன்றி. துப்பாக்கி இருக்கிற வீட்டுக்கு வராமல் வேறெங்கே போவார்கள்? பெரியப்பா வயிற்றுவலி என்று சொல்லிப் பார்த்தார். வாசலில் கூட்டம் கலையவில்லை. கடைசியில் வெறுமையாக இருந்த தோட்டாப் பட்டையைத் துண்டால் மூடிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். சூசை உறையோடு பின்னால் போனார். நானும் மற்ற பிள்ளைகளும் ஏரிக்கரைமேல் நின்று வேடிக்கை பார்த்தோம்.

ஆட்கள் மறுபக்கம் நின்று தகரம் தட்டினார்கள். சத்தத்துக்குப் பன்றி வேறு பக்கம் ஓடிவிடும், தப்பிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம் என்பது பெரியப்பாவின் கணக்காக இருந்திருக்கும். பன்றி நேரே அவரைப் பார்த்து வந்தது. பெரியப்பா பக்கத்தில் இருந்த கருவேல மரத்தில் ஏறினார். முள்ளைப் பற்றி யோசிக்க அவருக்கு அவகாசம் இல்லை. ஏறியபிறகும் வாயிலிருந்து சத்தம் வரவில்லை. சூசை மட்டும் கீழே நின்றார். உறையை இரண்டு கையாலும் குறுக்கே பிடித்துக்கொண்டு நின்றார். ஓடியிருக்கலாம். உறையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், அதை அவர் போடவில்லை. பன்றி மோதியதில் அவரும் உறையும் ஒன்றாக விழுந்தார்கள்.

ஆட்கள் தடியோடு ஓடிவந்து பன்றியை விரட்டினார்கள். தொடை ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்து, எலும்பு முறிந்திருந்தது. மரத்திலிருந்து இறங்கிய பெரியப்பா முதலில் தூக்கியது உறையைத்தான். அது நடுவில் மடிந்து தொங்கியது. யார் கண்ணிலும் படாமல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தார். சூசையைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றித் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்கள் சேரி ஆட்கள். உடைந்த சவுக்குக் கட்டை மறுநாள் காலையில் எங்கள் வீட்டு அடுப்பில் எரிந்தது. அதில் வெந்த சோற்றை நானும் தின்றேன்.

வேலைக்குக் கைம்மாறாகச் சூசைக்கு மேட்டுநிலம் அரைக் காணி விட்டிருந்தார்கள். அதில் விளையும் கேப்பைதான் அந்தக் குடும்பத்துக்குக் கஞ்சி. படுத்துவிட்டவனுக்கு நிலம் எதற்கு, வேறு ஆளுக்கு விடப்போகிறேன் என்றார் பெரியப்பா. சூசையின் மனைவி கைக்குழந்தையோடு சாவடிக்கு வந்து முன்சீப்பிடம் முறையிட்டார்.

"ஆண்ட வேலைக்குப் போயித்தானே சாமி அவருக்கு இப்டி ஆச்சு. அவரு எழுந்து நடமாடற வரிக்கும் நெலத்த உட்டு வைக்கச் சொல்லுங்க."

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டார். "கொக்கியைக் கழட்டித் துப்பாக்கியைக் குடுடா குடுடான்னு தொண்டை கிழியக் கத்தினேன். பேயறைஞ்சவன் மாதிரி நின்னுட்டான். ஜல்தியா கழட்டியிருந்தா பன்னியும் செத்திருக்கும், அவன் காலும் தப்பியிருக்கும். அவன் பேஜாருக்கு நான் இன்னா பண்றது?"

சாவடியில் இருபது பேராவது இருந்தார்கள். தேரன்றைக்கு விழுந்த அறையை அத்தனை பேரும் பார்த்தவர்கள். கொக்கியைத் தொட்டதற்கு அடித்தவரே இப்போது தொடாததற்குக் குற்றம் சொல்கிறார் என்று ஒருவர் வாயைத் திறக்கவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். அன்றைக்கு அம்பலத்தில் இருந்தவர்களுக்கே சொல் எழவில்லை. துப்பாக்கி ஸ்டேஷனில் இருக்கிறது என்று தெரிந்த முன்சீப், ரொம்ப நியாயமாகத் தாடையைத் தடவிக்கொண்டு, நேரில் பார்த்தவர் யார் என்று கேட்டார். கரைமேல் நின்ற பிள்ளைகளில் பெரிய வீட்டுப் பெண் நான். ஆள் அனுப்பி அழைத்தார்கள்.

அம்மா ரிப்பன் வைத்துப் பின்னிவிட்டாள். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு," என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"பயப்படாத கண்ணு," என்றார் முன்சீப். "சூசை அந்தக் கொக்கியைக் கழட்டினானா, இல்லியா?"

"கழட்டல," என்றேன்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன். அவன் கொக்கியைத் தொடவே இல்ல."

பெரியப்பா கத்தினாரா என்று அவர் கேட்கவில்லை. உறைக்குள் என்ன இருந்தது என்றும் கேட்கவில்லை. கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொன்னேன். சூசையின் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு போய்விட்டார். கார்த்திகை பிறப்பதற்குள் அரைக் காணி கைமாறியது.

யுத்தம் முடிந்து துப்பாக்கி திரும்பி வந்தபோது, பழைய உறை ரத்தம் பட்டது, தீட்டு என்று சொல்லிப் பெரியப்பா விழுப்புரத்தில் புது உறை தைத்துக்கொண்டார். அதைச் சுமக்கச் சூசையின் மூத்த மகன் வந்தான். அவனுக்கும் அதே சட்டம்தான். ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு முன்னால் நடந்தது.

தை மாதத்தில் சூசை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பினார். ஒரு கால் குட்டையாகிவிட்டது. கோலை ஊன்றி வந்து ஏரி மதகடியில் உட்கார்ந்திருப்பார். அவர் நிலத்தில் வேறு யாரோ களையெடுப்பது அங்கிருந்து தெரியும். ஒருநாள் சாயங்காலம் நான் தனியாக அவரிடம் போனேன். அத்தனை நாள் சுமந்த ரகசியம் எனக்குக் கனத்துவிட்டது.

"சூசை, உனக்கு ஒண்ணு தெரியுமா? அந்த உறையில துப்பாக்கியே இல்ல. வெறும் கட்டை."

"தெரியும் பாப்பா," என்றார். "பத்து வருசமா தோள்ல போட்டுக்கினு நடந்தவனுக்கு எடை தெரியாதா? நீங்க பஸ்ஸுலேர்ந்து எறங்கன அன்னிக்கே தெரியும்."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "பின்ன ஏன் பன்னிகிட்ட போன? வரமாட்டேன்னு சொல்றதுதானே?"

"சொல்லிட்டு அப்பால எந்த ஊர்ல போயி இருக்கறது பாப்பா?"

எத்தனையோ ஊர் இருக்கிறதே என்று நினைத்தேன். திண்டிவனம் இருக்கிறது, விழுப்புரம் இருக்கிறது, கோலியனூரில் என் அத்தை இருக்கிறாள். பெரியவர்களுக்குச் சில சமயம் ஒன்றும் தெரிவதில்லை. அதைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கத்தான் நான் வந்திருந்தேன்.

"சாவடியில முன்சீப் கேட்டப்போ நான் பொய் சொல்லல, சூசை."

அவர் என் முகத்தையே பார்த்தார். பிறகு கோலை எடுத்து ஊன்றி எழுந்தார்.

"ஆமா பாப்பா," என்றார். "நீ நெசந்தான் சொன்ன."

சாமி கண்ணைக் குத்திவிடுமோ என்று அத்தனை நாளும் எனக்குள் ஒரு பயம் இருந்தது. அவரே சொல்லிவிட்டார், இனிமேல் குத்தாது. மனசு லேசாகி, வீடு வரைக்கும் ஓடியே போனேன்.