ஜவாஹிரின் பகல்சோறு

கிண்ணியாத் துறையில் வாகனங்களை அக்கரை சேர்க்கும் மிதவைக்குப் பாதை என்று பெயர். அதை நகர்த்தக் கம்பி இழுத்த ஜவாஹிருக்கு வாய் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. எந்த பஸ்ஸில் யார் வந்தார், யார் யாரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை, எல்லாம் அவனுக்கு அத்துப்படி. அப்பேர்ப்பட்ட வாய் மாமியார் வீட்டு வாசலில் மட்டும் பூட்டிக்கொள்ளும்.

அறுபத்தேழாம் ஆண்டில் ஸல்ஹாவைக் கட்டி, ஊர் வழமைப்படி அவள் வீட்டிலேயே குடியேறினான். வீடு பெண்ணுக்குக் கொடுத்த சீதனம். மாமி றுக்கியா தங்கமான மனுஷிதான்; ஆனால் மருமகனோடு நேரே பேச வெட்கம். கதவுக்குப் பின்னால் நின்று, "புள்ள, சோறு போட்டாச்செண்டு சொல்லு" என்பாள். நாலடி தள்ளி இருக்கும் ஜவாஹிருக்கு அது நன்றாகவே கேட்கும். என்றாலும் ஸல்ஹா வந்து சொன்னால்தான் எழும்புவான். இரண்டு பேருக்கும் நடுவில் ஸல்ஹாதான் தபால்காரி. அவள் பக்கத்தில் இருந்து பரிமாற, அவன் துறையடிக் கதையெல்லாம் அவிழ்த்துவிட, பகல் சாப்பாடு ஒரு மணி நேரம் நடக்கும்.

அடுத்த வருடம் மகள் லைலா பிறந்தாள். ஸல்ஹா நாற்பது நாளுக்கு அறைக்குள் போனாள். தபாலும் நின்றது.

முதல் நாள் பகல் ஜவாஹிர் வந்தபோது மேசையில் சோறு மூடி இருந்தது. அதைச் சாப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்ட வரும் மருத்துவிச்சிக்காக்கும் என்று நினைத்துக்கொண்டான். கேட்க வெட்கம். பச்சை உடம்புக்காரியைப் பார்க்கிற வீட்டில் நமக்கு வேறு எதற்கு உலை என்று சமாதானமும் சொல்லிக்கொண்டு தன் உம்மா வீட்டுக்கு நடந்தான். மறுநாளும் அப்படியே. குசினிக்குள் றுக்கியா, மருமகன் தொடாத சோற்றைப் பார்த்துப் பார்த்து மனம் குமைந்தாள்.

கலியாணம் முடித்தவன் தாய் வீட்டில் தினமும் கை நனைத்தால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: பெண்டாட்டியை விடப்போகிறான். அது ஜவாஹிருக்கும் தெரியும். தன்னைப் பற்றி யாரும் அப்படி நினைப்பார்கள் என்றுதான் அவனுக்குத் தோன்றவில்லை. எல்லார் கதையும் தெரிந்தவனுக்குத் தன் கதை தெரியவில்லை.

நாற்பது முடிந்தது. உம்மா வீட்டுச் சோறு பழக்கமாகிவிட்டது. மாலையில் வந்தால் ஸல்ஹா முகம் திருப்பிக்கொண்டு பிள்ளையைத் தட்டினாள். பிள்ளை வந்ததும் என்னை மறந்துவிட்டாள் என்று அவனுக்கு மனம் நொந்தது. பொம்பிளைப் பிள்ளை என்றுதான் என்னை வெறுத்துவிட்டார் என்று அவளுக்கு.

ஐம்பத்திரண்டாம் நாள், பிள்ளைக்கு ஊசி போட்டுவிட்டுத் றுக்கியாவும் ஸல்ஹாவும் திருகோணமலையில் இருந்து திரும்பினார்கள். பாதை நடுத் தண்ணீருக்கு வந்ததும், பிள்ளையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, கம்பி இழுத்துக்கொண்டிருந்தவனுக்கு முன்னால் போய் நின்றாள் ஸல்ஹா.

"நீங்க என்னைய விட்டுட்டீங்களா?"

ஜவாஹிரின் கை நின்றது. "ஆர் சொன்ன?"

"ஊரே சொல்லுது. உம்மா ஒவ்வொரு நாளும் சோறாக்கி மூடி வெச்சவ. நீங்க திரும்பியும் பாக்கல்ல."

"அது மருத்துவிச்சிக்கெண்டுதான் நான் நினைச்சனான். என்னைய ஆரும் கூப்பிடல்லையே."

ஸல்ஹா அவனையே பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. சிரிப்பும் வந்தது, ஆனால் குரலில் கோபம்தான் முந்தியது.

"உங்கட வீட்டுக்கு உங்கள ஆர் கூப்பிடுற?"

உங்கட வீடு என்று அந்த வீட்டை அவனிடம் யாரும் அதுவரை சொன்னதில்லை. அவனும் ஒரு நாளாவது அப்படி நினைத்ததில்லை. பஸ்காரன் பொறுமையிழந்து ஹோன் அடிக்க, மறுபடி கம்பியைப் பிடித்தான்.

அன்று பகல் அவன் நேரே குசினிக்குள் போனான். றுக்கியா முக்காட்டை இழுத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கினாள். தானே சாப்பாட்டுக் கோப்பையில் சோற்றை அள்ளி, மீன் ஆணத்தை ஊற்றி, ஸல்ஹாவின் பாயில் போய் உட்கார்ந்தான்.

"நீ சாப்பிட்டியா?"

"இல்ல. உங்களுக்குப் பிறகு சாப்பிடுவமெண்டு இருந்து இருந்து, பகல் சாப்பாடே எனக்கு இல்லாமப் போச்சு."

அவன் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கோப்பையை நடுவில் தள்ளினான். இருவரும் ஒரே கோப்பையில் கை வைத்தார்கள். இரண்டு பேர் பசிக்கு அது எந்த மூலைக்கு? பாதியிலேயே சோறு முடிந்துவிட்டது.

நிலைப்படியில் நிழல் விழுந்தது. றுக்கியா சோற்றுப் பானையோடு நின்றாள். மகளைப் பார்க்கவில்லை.

"இன்னும் கொஞ்சம் போடவா, மருமகன்?" என்று அவனைப் பார்த்தே கேட்டாள்.

"ஓம் மாமி, போடுங்க" என்றான் ஜவாஹிர்.