பாருக்குச் சாப்பிடப் போன பொம்மையன்

திண்டுக்கல்லில் ஒரு சொட்டுக்கூடக் குடிக்காமல் குடிகாரப் பேர் வாங்கின ஆள் பொம்மையன் ஒருத்தர்தான். அந்தப் பேர் ஒன்றும் சும்மா வந்துவிடவில்லை. ஆறு வருசமாகக் காலையும் மத்தியானமும் பாரில் உட்கார்ந்து தின்று சம்பாதித்தது.

யார் இந்தப் பொம்மையன் என்றால், எரியோட்டுப் பக்கம் நல்லக்காள் என்று ஒருத்தி இருந்தாளே, ரெண்டாந்தாரமாக வாக்கப்பட்டு மூத்தாள் மக்களையும் சேர்த்து வளர்த்து ஆளாக்கினவள், அவளுடைய மகன் வயிற்றுப் பேரன். அந்த வகையறாவில் வாய் இல்லாத ஆளே பிறந்ததில்லை. பொம்மையன் அந்த வாயை வைத்தே அரசு பஸ்ஸில் முப்பத்தோரு வருசம் கண்டக்டர் வேலை பார்த்தார். "உள்ள போ, உள்ள போ" என்று ஒரு சத்தம் கொடுத்தால் அறுபது பேர் நகருவார்கள். ஓய்வுபெற்ற மறுநாள் காலையில் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அந்தத் தண்ணிச் செம்ப எடு" என்றார். ஒருத்தரும் நகரவில்லை. அவர் சம்சாரம் கண்ணம்மாள் திருப்பூரில் இருக்கிற மகளோடு போனில் பேசிக்கொண்டே செம்பைக் கண்ணால் காட்டினாள்.

அன்றைக்குப் பிடித்தது பார்ச் சாப்பாடு.

பழனி ரோட்டில் சரக்குக் கடையை ஒட்டின மாதிரி ஒரு தகரக் கொட்டகை. கடை திறப்பது பகல் பன்னிரண்டுக்குத்தான் என்றாலும், பாரில் அடுப்பு காலை ஏழு மணிக்கே எரியும். பொன்னழகு என்று ஒரு சமையல்காரம்மா லாரிக்காரர்களுக்கு இட்லியும் குடல் குழம்பும் போடும். மத்தியானம் சோறு, தலைக்கறி, ரசம், ஆப்பாயில். பொம்மையன் எட்டு மணிக்குப் போய் ஆறு இட்லியை முடிப்பார். அங்கேயே பேப்பரை எழுத்து விடாமல் படிப்பார். பன்னிரண்டு அடித்துக் கூட்டம் வந்ததும் நாற்காலியை நடுவில் இழுத்துப் போட்டுக்கொள்வார்.

குழம்பு நல்ல குழம்புதான், இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் பொம்மையன் போனது குழம்புக்காக இல்லை. வேடசந்தூர் பஸ்ஸில் ஒருத்தன் ஆட்டுக்குட்டியைத் துண்டுக்குள் மறைத்து ஏற்றிக்கொண்டு வந்ததையும், அவர் அதைக் கண்டுபிடித்து ஆட்டுக்கு டிக்கெட் போட்டதையும் ஒரு கதையாக வைத்திருந்தார். வீட்டில் அதை ஆரம்பித்தால் ஆட்டுக்கு வால் முளைக்கும் முன்னே எல்லாரும் எழுந்து போய்விடுவார்கள். பாரில் அப்படியில்லை. "சொல்லுங்கண்ணே" என்பார்கள். தெளிவாக இருக்கிறவன் அந்தக் கதையை ஒரு தடவைதான் கேட்பான். போதையில் இருக்கிறவனுக்கு அது தினமும் புதுக்கதை. கதை முடிந்ததும் பொம்மையன் தலைக்கறியை வழித்துத் தின்றுகொண்டே, குடித்தால் குடும்பம் எப்படிக் கெடும் என்று புத்தி சொல்வார். அவர்கள் கண் கலங்கிக் கேட்டுவிட்டு இன்னொரு குவாட்டர் வாங்கிவரப் போவார்கள்.

இப்படியே போயிருந்தால் ஒன்றும் வந்திருக்காது. போன வருசம் பொம்மையனின் அண்ணன் இறந்துபோக, எரியோட்டுக் குலசாமி கோயிலில் மாசிப் படைப்புக்குப் பரிவட்டம் கட்டுகிற முறை அவருக்கு வந்தது. தலையில் அந்தத் துணியைக் கட்டிவிட்டால் அன்று முழுக்க முந்நூறு பேர் அவர் சொன்னபடி நடக்க வேண்டும். ஆறு வருசத்துக்குப் பிறகு மறுபடியும் அவர் வாய்ச்சொல்லுக்கு ஆள் நகரும். அந்த ஆசையில் பொம்மையனுக்கு ரெண்டு மாசம் தூக்கமில்லை.

அதற்கு ரெண்டே கட்டுப்பாடு. கட்டுகிறவன் குடிகாரனாக இருக்கக் கூடாது. அவன் பெண்டாட்டி கையால்தான் படைப்புக்கு முதல் அடுப்பு பத்த வேண்டும்.

தை மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கோயிலில் கூடினார்கள். பொம்மையனின் சித்தப்பா மகன் முத்துக்கிருஷ்ணன் எழுந்தான். பொம்மையனுக்கு இல்லையென்றால் அடுத்த முறை அவனுக்கு. அதனால் மெத்த மரியாதையாகவே ஆரம்பித்தான். அண்ணனைப் பற்றி அவனுக்கு ஒன்றும் இல்லையாம், ஆனால் அண்ணன் காலையிலிருந்து பாரே கதியென்று கிடக்கிறாராம், சாமி காரியமாச்சே என்று மனசு அடித்துக்கொள்கிறதாம்.

"நான் குடிச்சு நீ பாத்தியா?" என்றார் பொம்மையன்.

"குடிச்சதப் பாக்கலண்ணே. உக்காந்திருந்ததப் பாத்தேன்."

"நீ எங்குன நின்னு பாத்த?"

சபை சிரித்தது. முத்துக்கிருஷ்ணன், அவித்த முட்டை வாங்கப் போனதாகச் சொன்னான். முட்டைக்கு அவ்வளவு தூரம் போகிறவன் யாரென்று யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய பாதிப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களும் முட்டை வாங்கப் போகிறவர்கள்தான்.

ஆனால் பெரியவர்கள் விடவில்லை. குடிக்காதவனுக்கு ஆறு வருசமாக அங்கே என்ன சோலி என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதிலும் பொம்மையனிடம் இருந்தது. வீட்டில் என் பேச்சைக் கேட்க நாதி இல்லை, அங்கே நாலு குடிகாரர்கள் கேட்கிறார்கள் என்று சொன்னால் முடிந்தது. அதை எந்த ஆம்பளை அறுபது பங்காளி முன்னால் சொல்வான்? பொம்மையன் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு கையில் சிக்கினதை எடுத்து வீசினார்.

"வீட்டுச் சோறு வாயில வைக்க வெளங்கல. எம்புட்டு நாளைக்குப் பொறுக்கிறது?"

இது எப்பேர்ப்பட்ட பொய் என்று அந்தச் சபைக்கே தெரியும். அங்கே இருந்தவர்களில் பாதிப் பேரின் கல்யாணத்துக்குக் கறிக்குழம்பு கூட்டினது கண்ணம்மாள் கைதான். ஆனாலும் கட்டின பெண்டாட்டியை ஒருத்தன் சபையில் சும்மா குறை சொல்வானா என்று பெரியவர்கள் யோசித்தார்கள். சரி, பரிவட்டம் பொம்மையனுக்கே என்றார்கள். வெற்றிலை போட்டுத் துப்புகிற நேரத்துக்கு அவர்தான் பரிவட்டக்காரர்.

பொம்பளைகள் பக்கத்திலிருந்து கண்ணம்மாள் எழுந்து வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"அவுக கட்டட்டும். எங்கையால அடுப்பு பத்தாது. வாயில வைக்க வெளங்காதத சாமிக்கு எப்பிடிப் படைக்கிறது?"

பேருக்கு ஒரு தீக்குச்சி மட்டும் கிழித்துப் போட்டால் போதும் என்று ஒரு பெரியவர் சமாதானம் பேசிப் பார்த்தார். பாரில் பத்த வைக்கிறவளையே கூட்டி வந்து கிழிக்கச் சொல்லுங்கள் என்றாள் கண்ணம்மாள். சித்தையன்கோட்டையிலிருந்து விருந்தாளியாக வந்திருந்த அவள் அண்ணன் கருப்புசாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்து நின்றார்.

"மச்சான், எந்தங்கச்சி சோத்துல என்ன கொற? உப்பா, ஒறப்பா? சொல்லுங்க, கேட்டுக்கிறோம்."

சும்மா சொன்னேன் என்று சொல்லியிருந்தால் கண்ணம்மாள் அடுப்பைப் பத்த வைத்திருப்பாள். ஆனால் அப்புறம் பாருக்கு எதற்குப் போனாய் என்கிற கேள்வி முதலிலிருந்து வரும். நல்லக்காள் வகையறாவில் ஒருத்தருக்குப் பேச்சு வராமல் போனது அன்றைக்குத்தான்.

மாசியில் பரிவட்டம் முத்துக்கிருஷ்ணன் தலையில் ஏறியது. மூன்று நாளாகத் தொடவே இல்லை என்று சூடத்தில் அடித்துச் சத்தியம் பண்ணினான். கை நடுங்கின நடுக்கத்தைப் பார்த்தால் அது உண்மைதான் போலிருந்தது. அவன் பெண்டாட்டி அன்புக்கரசி அடுப்பைப் பத்த வைத்தாள். கிடா வெட்டி முடிந்ததும், "அக்கா, நீங்க கூட்டுனாத்தான் கொழம்பாகும்" என்று கண்ணம்மாள் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டாள்.

பொம்மையன் மூன்றாவது பந்தியில், கடைசிக்கு முந்தின இலையில் உட்கார்ந்தார். பக்கத்து இலைக்காரர் விரலை ஒவ்வொன்றாகச் சப்பிக்கொண்டிருந்தார். குழம்பு வாளியோடு கருப்புசாமி வந்து நேரே அவர் இலைமுன் நின்றார்.

"மச்சான், கொழம்பு எப்பிடி?"

நல்லாயிருக்கு என்றால் சபையில் சொன்னது பொய்யாகும். இல்லை என்றால் பந்தியே எழுந்து அடிக்கும். பொம்மையன் சோற்றில் குழி பறித்தார்.

"ஊத்துங்க," என்றார்.

கருப்புசாமி ஒரு கரண்டி ஊற்றிவிட்டு நகராமல் நின்றார். பொம்மையன் தலையை நிமிர்த்தவே இல்லை. குழியை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசாகப் பறித்தார்.