காற்று நின்ற பிறகு கலங்கும் குளம்

2004ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், மல்லாவிக்கு அப்பாலுள்ள பெரிய குளத்தின் அணைக்கட்டில்தான் கிருபன் மூக்கனை முதன்முதல் கண்டான். வலையில் அப்பியிருந்த சேற்றை உதறி உதறி, குளத்தைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார் மூக்கன். குளமோ ஒரு நெளிவும் இல்லாமல் கிடந்தது.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய அவருக்கு வயலில்லை. ஆழப்பக்கத்தில் மீன்பிடிச் சங்கம் ஒதுக்கிய இடம்தான் சோறு போட்டது. அதற்கும் இப்போது ஆபத்து. அடியில் வலையை இழுத்துச் சேறு கலக்குபவரின் இடம் பறிபோகும் என்பது சங்கத்தின் விதி. நாலு முறை மூக்கனின் வலை சேறாய் வந்ததைத் தலைவர் வீரபாகு கண்டுவிட்டார்.

"நான் இழுக்கலீங்க தம்பி. மேல ஆடாமக் கெடக்கு, அடியில தண்ணி போகுது, வருது. வலையில கட்டுன ஈயக்குண்டெல்லாம் எடம் மாறிக் கெடக்குது. சொன்னா சிரிக்கிறானுங்க."

கிருபன் சிரிக்கவில்லை. வவுனியாப் பல்கலைக்கழக வளாகத்தில் விஞ்ஞானம் படித்து, குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவன் அவன். மேலே சூடான தண்ணீர், அடியில் குளிர்ந்தது. தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று மேல்தண்ணீரை ஒரு கரையில் குவித்து வைக்கும். காற்று விட்டதும் அடித்தண்ணீர் ஊஞ்சலாய் ஆடி, சரிவில் மோதிச் சேற்றைக் கிளப்பும் என்றான்.

மூக்கன் எழுந்தே விட்டார். "இதத்தாங்க நான் ரெண்டு வருசமா கத்துறேன்!"

இருவரும் போய் இதைச் சொன்னபோது வீரபாகு மசியவில்லை. "காத்துத்தான் கலக்குதெண்டால் காத்தடிக்கேக்க காட்டுங்கோ."

காற்று வீசிய நாளில் வீரபாகுவும் அவர்களோடு தோணியில் வந்தார். கல்லுக் கட்டிய போத்தலை அடிவரை இறக்கி, மூடியைக் கயிற்றால் இழுத்துத் திறந்து, நிரம்பியதும் தூக்கினார்கள். தண்ணீர் தெளிவாக இருந்தது.

"பட்டதாரியார், இதுவோ சேறு? தேத்தண்ணி வைக்கலாம்."

"காத்து நின்ன பொறகுதாங்க ஐயா கலங்கும். நாளைக்கு வாங்க," என்று மூக்கன் கெஞ்சினார்.

"நாளைக்கு எனக்குச் சந்தையெல்லோ."

மறுநாள் விடியக் காற்று விழுந்துவிட்டது. முற்பகலில் அதே இடத்தில் போத்தல் சேற்றுத் தண்ணீரோடு வந்தது. அதை மடியில் வைத்தபடி மூக்கன் கிருபனின் சைக்கிளில் சந்தைக்குப் போனார். வீரபாகு வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"கரையில அள்ளினாலும் இந்த நிறந்தான்."

சாட்சிக்குச் சங்கத்தாரில் ஒருவரைத் தோணியில் ஏற்றாமல் போனது அப்போதுதான் மூக்கனுக்கு உறைத்தது. போத்தலை வாங்கிக்கொண்டு திரும்பினார்.

அவருடைய இடம் வீரபாகுவின் மைத்துனனுக்குப் போனது. அடுத்த சோளகம் ஓய்ந்ததும் அவனுடைய வலையும் சேறாய் வந்தது. மூக்கன்தான் வன்மத்தில் கலக்குகிறார் என்று கூட்டத்தில் தீர்மானித்தார்கள்.

இப்போது, 2006இல், மூக்கன் வலையை விற்றுவிட்டு வாய்க்கால் கரையில் தூண்டில் போடுகிறார்.