பழவேற்காட்டிலிருந்து ஐந்து கேன் தண்ணீர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் இரும்பு ஆலையில் முஸ்தபா ஸ்டோர் கீப்பர். எந்த பேரிங் எந்த அலமாரியில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். பீடி, சிகரெட் கிடையாது, யாரையும் ஏய்க்க மாட்டான். ஒரே ஒரு கோளாறு, பழவேற்காட்டில் இறால் வியாபாரக் குடும்பத்தில் பிறந்துவிட்டான். அந்த ஊர்க்காரர்களுக்கு உப்புத்தண்ணீரைப் பற்றி வேறு யாரும் வாயைத் திறந்தால் பிடிக்காது. கடலோடு கலக்கும் அந்த ஊர் ஏரித்தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தே இறால் ஏறுமா ஏறாதா என்று சொல்லிவிடுவார் அவனுடைய வாப்பா. முஸ்தபா ஊரைவிட்டு வந்து பத்து வருஷமாகியும், அந்த நாக்கு தனக்கும் வாய்த்திருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி நசீரா பத்தாவதில் அறிவியலில் தொண்ணூற்றாறு வாங்கியவள். அதற்கு மேல் அவளை யாரும் படிக்க அனுப்பவில்லை. கல்யாணமான எட்டு வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான். 2006-ல் கொளத்தூரில் மோசஸ் என்பவரின் மீன் கடையைத் தாண்டிப் போகையில் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணாடித் தொட்டிக்குள் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கடல்மீன்கள்.

"ஏங்க, இத நம்ம ஊட்ல வச்சுக்கலாமா? நானே பாத்துக்கறேன்."

"கடல்மீனு பேஜாரு புடிச்ச வேலைம்மா," என்றார் மோசஸ்.

"இன்னா பேஜாருன்னு சொல்லுங்க, கத்துக்கறேன்."

மோசஸ் சொன்னார். இதற்கென்றே பாக்கெட்டில் விற்கும் உப்பைத்தான் கரைக்க வேண்டும். உப்பின் அளவை ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டுப் பார்க்க வேண்டும். மணலும் பவழக்கல்லும் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, ஒரு மாதம் மீனே விடக்கூடாது. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் வளர்ந்த பிறகுதான் மீன். நசீரா ஒரு வார்த்தை விடாமல் கேட்டுக்கொண்டாள்.

தொட்டி வரவேற்பறைக்கு வந்தது; ஒரு மாதம் கல்லைச் சுற்றி வெறும் தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். முஸ்தபாவும் சிரித்தான், இரண்டு மீனை விட்டுவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று அரித்துக்கொண்டே இருந்தான். அவள் மசியவில்லை. மீன்கள் வந்த பிறகோ அவளைப் பார்க்க வேண்டுமே! தண்ணீர் வற்றினாலும் உப்பு வற்றாது, அதனால் குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும் என்று கணவனுக்கே பாடம் எடுத்தாள். கரண்ட் போனால் மோட்டார் நின்றுவிடும், அப்போதெல்லாம் மீன்களுக்கு மூச்சு முட்டாமலிருக்க மக்கில் தண்ணீரை மொண்டு மொண்டு மேலிருந்து ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு வருஷத்துக்கு மேல் மீன்கள் கொழுகொழுவென்று இருந்தன. அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து சந்தேகம் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த வீட்டில் நசீரா பதில் சொல்கிறவளாக இருந்த காலம் அது ஒன்றுதான்.

2007 பக்ரீதுக்கு முஸ்தபாவின் அண்ணன் அஃப்தாப் ஊரிலிருந்து வந்தார். பிரியாணி சாப்பிட்டுக் கை கழுவப் போனவர் கண்ணில் மீன்தொட்டிக்கான உப்பு பாக்கெட் பட்டது.

"டேய், இன்னாடா இது? பழவேற்காட்ல பொறந்துட்டு உப்ப டப்பு குடுத்து வாங்கறியா? ஊர்ல சொன்னா சிரிப்பானுங்க."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் முஸ்தபா தட்டிவிட்டுப் போயிருப்பான். இது சுருக்கென்று தைத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பைக்கை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், அண்ணன் பார்க்க ஐந்து கேன் ஏரித்தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தான். அதற்கு முன் பல நாள் அடைமழை.

"மழைத்தண்ணி எவ்ளோ கலந்துக்குதோ தெரியலையேங்க. ஒருவாட்டி அளந்து பாத்துடலாம்," என்று நசீரா ஹைட்ரோமீட்டரோடு வந்தாள்.

முஸ்தபா விரலைத் தோய்த்து நாக்கில் வைத்தான். கரித்தது. "பத்தாவது படிச்சவ எனக்கு உப்பு சொல்லித் தரியா? தள்ளு," என்றான்.

அவள் தள்ளி நின்றாள். அவன் தொட்டித் தண்ணீரில் பாதியை இறைத்துவிட்டு, கேன்களை ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான்.

சாயங்காலமே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. நசீரா ஹைட்ரோமீட்டரைப் போட்டாள். அது மிதக்க வேண்டிய கோட்டுக்கு வெகு கீழே முழுகி நின்றது. மோசஸுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.

"உப்பு கொறஞ்சது மட்டும் இல்லம்மா," என்றார் அவர். "வயல்ல அடிச்ச மருந்தெல்லாம் மழையில ஏரிக்குத்தான் வந்து சேரும். அது நாக்குக்குத் தெரியுமா?"

மறுநாள் வேலைக்கு லீவு போட்டுவிட்டு முஸ்தபா கொளத்தூருக்கு ஓடினான். உப்போடு திரும்பியபோது ஒரு மீன் மணலில் சாய்ந்து கிடந்தது. நசீரா புதுத்தண்ணீரில் உப்பைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றிப் பார்த்தாள். மூன்றாம் நாள் மற்றதும் போய்ச் சேர்ந்தது. அவள் தொட்டியைக் கழுவி மொட்டை மாடியில் கவிழ்த்துவிட்டு வந்து உலை வைத்தாள்.

ஆலையில் ஒரு சாமானை மாற்றி எடுத்துக் கொடுத்துவிட்டால், மேனேஜர் கேட்பதற்கு முன்னாலேயே "என் தப்பு சார்" என்று போய் நிற்பவன்தான் முஸ்தபா. வீட்டில் மட்டும் அந்த வார்த்தை வாயில் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், ஞாயிற்றுக்கிழமை சொல்லலாம் என்று தள்ளிப்போட்டான். அவளோ சண்டையும் போடவில்லை, அழவும் இல்லை. திட்டியிருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு மாதம் கழித்துக் கல்யாணப் பத்திரிகை வைக்க அஃப்தாப் வந்தார். பத்திரிகையைத் தம்பி கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர் சுவரோரம் பார்த்தார்.

"தொட்டி எங்கடா? நம்ம ஏரித்தண்ணிய ஊத்துனியே, மீனுங்க இன்னா ஆச்சு?"

டீயோடு வந்த நசீரா அப்படியே நின்று கணவனைப் பார்த்தாள். முஸ்தபா பத்திரிகையைப் பிரித்து, பெயர்களைப் படிக்க ஆரம்பித்தான். முதல் வரியைத் தாண்டி அவன் கண் நகரவில்லை.

"நான்தான் மச்சான், பாத்துக்கத் தெரியாம சாகடிச்சுட்டேன். தண்ணி மேல தப்பில்ல," என்றாள் நசீரா.

"அதானே பாத்தேன். நம்ம தண்ணி எங்கயாச்சும் மோசம் பண்ணுமா?" என்று சிரித்தார் அஃப்தாப்.

அண்ணனை வழியனுப்பிவிட்டு முஸ்தபா சமையலறை வாசலில் வந்து நின்றான்.

"ஏன் அப்டி சொன்ன நசீரா? நான்தானே ஊத்துனேன்."

"நீங்க சொல்லுவீங்கன்னு கொஞ்ச நேரம் பாத்துக்கினுதாங்க இருந்தேன்," என்றாள் அவள்.