நாங்கள் பார்க்கப் போன டபுள் கேபின் வண்டி

காலை ஷிப்டுக்கான கம்பெனி பஸ் ஐந்து நாற்பதுக்கு ஆரணியை விட்டுக் கிளம்பும். செய்யாறு தொழிற்பேட்டைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஏறி உட்கார்ந்ததும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். தூங்காமல் பேசிக்கொண்டே வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் பஸ்ஸை ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர், பல வருஷம் லாரி ஓட்டிவிட்டு இடுப்பு வலி தாங்காமல் கம்பெனி பஸ்ஸுக்கு வந்தவர். இன்னொருவர் அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்காரும், கம்பெனிக் கிடங்கில் வேலை செய்யும் ஸ்டோர்ஸ்காரர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். அவரிடம் இருந்தது ஒரு பழைய பைக்தான். ஆனால் எந்த நாட்டில் எந்த பிக்கப் வண்டி வந்தாலும் அதன் இன்ஜின், இழுவை, கியர், உள்ளே எத்தனை பேர் உட்காரலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. போனில் பார்த்துப் பார்த்துச் சேர்த்த அறிவு.

நான் மூன்றாவது சீட்டில் ஜன்னலோரம். எங்கள் வீட்டில் மாதச் சம்பளத்துக்குப் போன முதல் ஆள் நான்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். பாலிடெக்னிக் முடித்துவிட்டு இந்தத் தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் சேர்ந்தேன். நாங்கள் செய்வது பிக்கப் வண்டிகளின் பின்கதவுக்கான கீல். வரும் கீல்களை கேஜில் வைத்து அளந்து, துளை சரியா, வெல்டு சரியா என்று பார்த்து அனுப்ப வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை நூறு கீல் என் கையில் போகும் என்று எண்ணியதில்லை. அது மாட்டிய வண்டியைக் கிட்டத்தில் நின்று பார்த்ததுமில்லை.

ஒரு வருஷம் அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு மட்டும் வந்தேன். ஒரு நாள் பின்கதவைப் பற்றியே பேச்சு வந்தது. கதவைக் கீழே இறக்கிவிட்டு அதன்மேல் நாலு பேர் உட்காரலாமா என்று வாதம்.

"ஒண்ணும் ஆவாதுணா. ரெண்டு பக்கமும் இரும்புக் கயிறு பிடிச்சுகினு இருக்குதில்ல" என்றார் ஸ்டோர்ஸ்காரர்.

"அந்தக் கயிறு அறுந்து நானே ரெண்டு தபா பார்த்துக்கிறேன்" என்றார் ஓட்டுநர்.

நான் வாயைத் திறந்துவிட்டேன். "கயிறு அறுறதுக்கு முன்னாடி கீல் பொளந்துக்கும்ணா. அதுவும் இடது பக்கம்தான் மொதல்ல போவும்."

இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். "அதெப்படிமா இடது பக்கம்னு சொல்றே?" என்று கேட்டார் ஓட்டுநர்.

"ரிப்பேராகி நம்ம கம்பெனிக்குத் திரும்பி வர்ற பீஸ்ல பாதிக்கு மேல இடதுதாங்க. லோடு ஏத்தறவங்க ரோட்டோரமா நின்னு அந்தப் பக்கம்தான் கால் வெச்சு ஏறுவாங்க."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "இம்மா நாளா வாய மூடிகினு வந்துகினு இருந்தியேமா" என்றார். மறுநாள் நான் ஏறியபோது, முதல் வரிசையில் இன்னொரு பக்கத்து சீட்டில் ஸ்டோர்ஸ்காரர் தன் சாப்பாட்டுப் பையை வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அது என் சீட்.

எங்கள் பேச்சில் தீர்ப்பு எதுவும் வந்ததில்லை. வெளிநாடுகளில் குடும்பத்தோடு போவதற்கே பிக்கப் வாங்குகிறார்கள், நம் ஊரில் மட்டும் அது தக்காளிக் கூடையும் பால் கேனும் ஏற்றுகிற வண்டியாக ஏன் நின்றுவிட்டது என்பது ஸ்டோர்ஸ்காரரின் தீராத கேள்வி. நம் ஊர்த் தெருவின் அகலத்தைப் பார் என்பார் ஓட்டுநர். சொந்த உபயோகத்துக்கு வெள்ளை போர்டா, வாடகைக்கு மஞ்சள் போர்டா என்று ஒரு வாரம் போகும். பின்னால் பட்டை ஸ்பிரிங் இருந்தால் எவ்வளவு லோடும் தாங்கும், ஆனால் காலி வண்டியில் போனால் குடல் வெளியே வந்துவிடும். சுருள் ஸ்பிரிங் போட்டால் கார் மாதிரி போகும், நாலு மூட்டை கூடினால் படுத்துவிடும். இதை மட்டும் ஒரு மாதம் பேசியிருப்போம். ஆரணித் தெருக்களில் பட்டுப் பாவும் புடவைக் கட்டும் ஏற்றிக்கொண்டு சத்தமே இல்லாமல் போகிற பேட்டரி வண்டிகளை ஓட்டுநர் வண்டி என்றே ஒப்புக்கொள்ள மாட்டார். "பின்னாடி வர்றது தெரியறதுக்கே ஒரு ஆள் கத்திகினு வரணும்" என்பார்.

ஸ்டோர்ஸ்காரரின் மனைவி பந்தல் சாமான், சமையல் பாத்திரம், நாற்காலி எல்லாம் வாடகைக்கு விடுகிறவர். விசேஷங்களுக்கு ஒவ்வொரு முறையும் வாடகை வண்டி பிடித்து அனுப்பினார். முகூர்த்த நாட்களில் வண்டி கிடைக்காமல் பேஜார். சொந்த வண்டி வாங்கிவிடலாம் என்று அவர் முடிவு செய்ததும், ஸ்டோர்ஸ்காரருக்குப் பல வருஷத்துக் கனவுக்கு வழி கிடைத்துவிட்டது. வாரத்தில் ஆறு நாள் சாமான், ஏழாவது நாள் குடும்பம் என்றால் பின்னாலும் ஒரு வரிசை சீட் இருக்கிற டபுள் கேபின்தான் சரி என்று மனைவியிடம் பேசிப் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். கண்ணமங்கலத்தில் ஒரு பழைய வண்டி விற்கிறவரிடம் நாலு கதவு, ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் ஒன்று நிற்பதாகத் தகவல் வந்தது. ஓட்டுநரையும் என்னையும் கூட வரச் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை நாலு பேரும் ஆரணியிலிருந்து வேலூர் பஸ்ஸில் போனோம். ஸ்டோர்ஸ்காரரின் மனைவி கையில் ஒரு பெரிய அண்டா. அண்டாவுக்குள் சணல் கயிறு ஒரு சுருள்.

"இது எதுக்குக்கா?" என்று கேட்டேன்.

"வண்டி என்னா பேசுதுன்னு இவர் பார்ப்பார். அண்டா உள்ள போவுதான்னு நான் பார்க்கணும்" என்றார்.

வண்டி அழகாக இருந்தது. அடர் நீலம். சக்கரம் என் இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்தது. ஸ்டோர்ஸ்காரர் பக்கத்தில் போகாமல் கொஞ்ச நேரம் தள்ளி நின்றே பார்த்தார். பிறகு முன்பக்கம் போய் பானெட்டைத் திறக்கச் சொன்னார். ஓட்டுநரும் விற்கிறவரும் அவரோடு போனார்கள். நான் பின்னால் போய்க் கதவை இறக்கினேன்.

வலது கீலில் எங்கள் கம்பெனியின் குத்து, இரும்பில் அடித்த முத்திரை, இருந்தது. அதன் கீழே வருஷமும் மாதமும் ஷிப்ட் எழுத்தும். அந்த வருஷம் அந்த ஷிப்டில் இன்ஸ்பெக்‌ஷனில் நாங்கள் இரண்டே பேர். என் கையில் போனதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது, பாதிக்குப் பாதி வாய்ப்பு. விரலால் தடவிப் பார்த்தேன். மூலையில் கொஞ்சம் துரு, மற்றபடி நன்றாக இருந்தது. மேஜையில் டப்பா டப்பாவாகப் பார்த்த சாமான், எங்கெங்கோ சுற்றிவிட்டு ஒரு வண்டியைத் தாங்கிக்கொண்டு நிற்கிறது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது.

இடது கீலைப் பார்த்தேன். அதில் குத்து எதுவும் இல்லை. வடிவம் அதே, ஆனால் தகடு மெல்லியது; பிறகு யாரோ மாற்றிப் போட்டது. கதவை மூடி இரண்டு பக்கத்து இடைவெளியிலும் விரலை வைத்தேன். வலது பக்கம் நுனிதான் போனது, இடது பக்கம் விரல் பாதி உள்ளே போனது.

"இந்தப் பக்கம் அடி வாங்கியிருக்குதுங்க" என்று விற்கிறவரிடம் சொன்னேன்.

"சின்ன உரசல்மா. நிறுத்தி வெச்ச வண்டில எவனோ தேச்சுட்டான். டிங்கரிங் பண்ணிட்டோம்" என்றார் அவர்.

ஓட்டுநர் ஒரு சாக்கை வாங்கித் தரையில் விரித்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனார். போன் வெளிச்சத்தில் கொஞ்ச நேரம் பார்த்தார். வெளியே வந்து சட்டையைத் தட்டிக்கொண்டு ஸ்டோர்ஸ்காரரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார்: "சேஸ்ல வெல்டு வெச்சு மேல கறுப்பு அடிச்சுக்கிறான்பா. அடிச்சட்டமே ஒடைஞ்ச வண்டி."

ஸ்டோர்ஸ்காரர் அப்போது ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஸ்டீரிங்கை விடவில்லை. "பழைய வண்டின்னா அப்படித்தானே இருக்கும்ணா" என்றார்.

இதற்குள் அவர் மனைவி அண்டாவைப் பின்னால் ஏற்றிப் படுக்க வைத்துப் பார்த்துவிட்டார். கயிறு போட்டும் அளந்தார். "ஏங்க, மூணு அண்டாவுக்கு மேல படுக்காது. பந்தல் கம்பு பத்தடி, இது அஞ்சடிதான் இருக்குது. கதவ இறக்கிப் போட்டாலும் பாதி வெளிய தொங்கும்."

அண்டாவைக் கீழே இறக்கி வைத்தார். பிறகு அவரே, "வந்தது வந்துட்டோம், ஒரு தபா ஓட்டிப் பாருங்க" என்று கணவரிடம் சொன்னார். வாங்கப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியும். அதனால்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வேலூர் ரோட்டில் போனோம். பின்சீட்டில் நானும் ஸ்டோர்ஸ்காரரின் மனைவியும். உள்ளே சத்தமே இல்லை. சாலை எங்கோ கீழே ஓடியது. ஸ்டோர்ஸ்காரர் சிரித்துக்கொண்டே ஓட்டினார். ஒரு நேரான இடத்தில் அவர் கைகளைப் பார்த்தேன். வண்டி நேராகப் போக ஸ்டீரிங்கைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்திருந்தார். நேராக்கினால் வண்டி ஓரத்துக்குப் போனது. இரண்டு முறை நேராக்கிப் பார்த்தார். மூன்றாவது முறை பார்க்கவில்லை. அடுத்த திருப்பத்தில் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து, சாவியை அவரே விற்கிறவர் கையில் கொடுத்து, "வேணாங்க" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. அண்டாவுக்கு லக்கேஜ் போடணும் என்று கண்டக்டர் பிடிவாதமாக நின்றார். வரும்போது போடவில்லையே என்று ஸ்டோர்ஸ்காரரின் மனைவி ஆரணி வரை சண்டை போட்டுக்கொண்டே வந்தார். அது நல்லதாகப் போயிற்று. மற்ற மூவருக்கும் பேச வேண்டியிருக்கவில்லை.

அடுத்த மூன்று நாளும் ஸ்டோர்ஸ்காரர் பஸ்ஸில் தூங்குகிறவர்களோடு சேர்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் கீலைப் பார்க்காமல் இருந்திருக்கலாமோ என்று தோன்றியது. ஓட்டுநரிடம் கேட்டேன். "குடும்பம் ஏறப்போற வண்டிமா. சொல்லாம இருந்தா நாளைக்கு நாம தூங்க முடியுமா?" என்றார். நாலாம் நாள் ஸ்டோர்ஸ்காரர் கண்ணைத் திறக்காமலே, "அந்த இடது கீல் எந்த ஊர்ச் சரக்கா இருக்கும்?" என்று கேட்டார். பேச்சு மறுபடி தொடங்கியது.

அடுத்த சில மாதங்களில் பேச்சின் விஷயம் மாறிவிட்டது. ஸ்டோரில் அட்டைப் பெட்டிகள் அனுப்பப்படாமல் தேங்குவதை முதலில் பார்த்தவர் அவர்தான். நாங்கள் கீல் கொடுத்துக்கொண்டிருந்த டபுள் கேபின் மாடல் விற்கவில்லை, வண்டிக் கம்பெனி உற்பத்தியைக் குறைக்கிறது என்று சூப்பர்வைசர் எங்களை நிற்க வைத்துச் சொன்னார். மூன்று ஷிப்ட் ஒன்றானது.

"வீடியோல ஊரே பார்க்குது. ஷோரூமுக்கு ஒருத்தனும் போவல" என்றார் ஸ்டோர்ஸ்காரர். கொஞ்சம் பொறுத்து, "நானே வாங்கலியே" என்றார்.

ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கு வேலை நின்றது. பஸ்ஸின் பின்சீட்டுகள் காலியாயின. என்னோடு ஒரே மேஜையில் வேலை செய்தவள் ஒரு சனிக்கிழமை மேஜையைத் துடைத்து வைத்துவிட்டு, கேஜை என் பக்கம் நகர்த்திவிட்டுப் போனாள். இப்போது கண்ணமங்கலத்தில் ஒரு கடையில் இருக்கிறாள். என்னை நிரந்தர வேலையில் எடுத்திருந்ததால் வைத்துக்கொண்டார்கள். சின்ன பேட்டரி லோடு வண்டிகளுக்கான பேட்டரிப் பெட்டித் தாங்கியைச் செய்யும் புது லைனுக்கு மாற்றினார்கள். அலுமினியம். அளவு, துளை, வெல்டு எல்லாமே வேறு. முதல் வாரம் நான் நல்லது என்று அனுப்பியதில் பதினோரு பீஸ் திரும்பி வந்தது. வீட்டுக்குப் போய் அழுதேன். பிறகு வெல்டு வரைபடத்தை வீட்டுக்கு எடுத்துப் போய் மனப்பாடம் செய்தேன்.

ஓட்டுநர் பேட்டரி வண்டிகளைக் கிண்டல் செய்வதை விட்டுவிட்டார். நான் அந்த லைனுக்குப் போனதால் விட்டார் என்று தெரியும். ஒரு நாள் அவரே, "அதுல எம்மா லோடு ஏத்தலாம்மா?" என்று கேட்டார். சொன்னேன். "பரவால்லியே" என்றார்.

ஸ்டோர்ஸ்காரரின் மனைவி கடைசியில் ஒரு சிங்கிள் கேபின் பிக்கப் வாங்கினார். இரண்டே கதவு, நீளமான பின்பாடி, பட்டை ஸ்பிரிங், வெள்ளை நிறம். ஓட்டுநர் அடியில் படுத்துப் பார்த்தார், நான் பின்கதவைப் பார்த்தேன், அவர் கயிறு போட்டு அளந்தார். ஸ்டோர்ஸ்காரர் கடைசியாக வந்து ஓட்டிப் பார்த்தார். "நேரா போவுது" என்று மட்டும் சொன்னார்.

முதல் லோடு ஆரணிக்குப் பக்கத்தில் இருக்கிற திருமலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் காதுகுத்து விசேஷத்துக்கு. அண்டா, கம்பு, நாற்காலி எல்லாம் ஒரே நடையில் போய்ச் சேர்ந்தது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்து போனோம். இறக்கிவிட்டுக் காலி வண்டியில் திரும்பும்போது ஒவ்வொரு பள்ளத்துக்கும் தலை கூரையில் இடித்தது. ஸ்டோர்ஸ்காரர் பட்டை ஸ்பிரிங் எப்படி வேலை செய்கிறது என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டு வந்தார். அவர் மனைவி கைப்பிடியைப் பிடித்தபடி, "தெரியுதுங்க, நல்லாத் தெரியுது" என்றார்.

அவர் மனைவி இரண்டே மாதத்தில் ஓட்டக் கற்றுக்கொண்டார். வார நாட்களில் கணவர் ஷிப்டில் இருக்கும்போது லோடு போக வேண்டுமே. பிறகு என்னையும் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷம் வண்டிச் சாமானை அளந்தும் எனக்கு ஓட்டத் தெரியாது என்பது அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது. ஞாயிறு காலையில் ஊருக்கு வெளியே காலி மனைகளில் பழகுகிறேன். முதல் நாள் வண்டி நாலு முறை நின்றுபோனது. இப்போது இரண்டாவது கியர் வரை பயமில்லை. பின்னால் எடுப்பதுதான் இன்னும் வரவில்லை. அவர் கீழே இறங்கி நின்று, "இன்னும் வா, இன்னும் வா" என்று கையைக் காட்டுகிறார்.