லிஃப்ட் ஓடாததற்கு ஒரு வரைபடம்

ஒரு வட்டத்துக்குள் அம்பு நுழைந்தால், அந்த வட்டத்திலிருந்து குறைந்தது ஓர் அம்பாவது வெளியே வந்தாக வேண்டும்.

இது விதி. நான் போட்டதல்ல. டேட்டா ஃப்ளோ டயக்ராம் வரையக் கற்றுக்கொள்ளும் எவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். உள்ளே போகிறது, வெளியே ஒன்றும் வரவில்லை என்றால் அந்த வட்டத்துக்குக் கருந்துளை என்று பெயர். வானத்தில் இருக்கிற கருந்துளையைத் தேட டெலஸ்கோப் வேண்டும். பூமியில் இருப்பதற்கு ஒரு பென்சில் போதும்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. ஒரு பெரிய கம்பெனியின் சிஸ்டம்ஸ் டிபார்ட்மென்ட்டில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். கம்ப்யூட்டரில் ஒரு வரி எழுதும் முன், எந்தத் தகவல் எங்கே கிளம்புகிறது, யார் கையில் என்ன ஆகிறது, எங்கே போய்ச் சேருகிறது என்று படம் போட்டுக் கொடுப்பது என் வேலை. படத்துக்கு நான்கே உறுப்புகள்தான். வேலை நடக்கிற இடம் வட்டம். தகவல் போகிற வழி அம்பு. தகவல் சும்மா தங்கியிருக்கிற கிடங்கு, இரண்டு கோடுகள். நம் ஆராய்ச்சிக்கு வெளியே நிற்கிற ஆள் அல்லது ஆபீஸ், சதுரம்.

என் மனைவி இதற்கு வைத்த பெயர், 'ஆம்பிளைக் கோலம்'.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மாதுங்காவில் எங்கள் கட்டடம் மூன்று மாடி. கட்டினவர்கள் காலத்தில் எல்லோருக்கும் முழங்கால் நன்றாக இருந்திருக்கிறது. லிஃப்ட் வைக்கவில்லை. பல வருடம் பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி, இந்த வருடம்தான் பின்பக்கச் சுவரை ஒட்டி ஒரு லிஃப்ட் எழுந்தது. மாட்டிக் கொடுத்தவர் சுலைமான் பாய். தாராவியில் பட்டறை வைத்திருக்கிறார். சொந்த ஊர் கடையநல்லூர்ப் பக்கம். பளபளவென்று நின்றது லிஃப்ட். யாரோ எலுமிச்சம்பழம் மிளகாய்கூடக் கட்டிவிட்டார்கள்.

ஆனால் ஓடவில்லை. அரசாங்கத்தின் லிஃப்ட் பரிசோதனை ஆபீஸிலிருந்து அதிகாரி வந்து பார்த்து, அனுமதி கொடுத்த பிறகுதான் ஓடலாம். விண்ணப்பம் போய்விட்டது. மழைக்காலம் வந்தது, போனது. கணபதி வந்தார், போனார். பதில் வரவில்லை.

"பட்டனை அமுக்குனா போதும் சார், வெண்ணெய் மாதிரி போகும். அமுக்கப்படாதுன்னுல்லா எழுதி வச்சிருக்காவ" என்றார் சுலைமான் பாய். கதவைத் துடைக்க மட்டும் வாரம் ஒரு முறை வருவார். துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நிற்பார்.

இதில் நிஜமாகவே மாட்டிக்கொண்டவர் மூன்றாம் மாடி ஜானகி மாமி. எழுபதைத் தாண்டியவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் கால் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தவர். இந்த வருட ஆரம்பத்தில் ஒரு முழங்கால் மக்கர் செய்ய ஆரம்பித்தது. பிறகு இன்னொன்று அதற்குத் துணைக்குப் போனது. மழைக்கு முன்னால் ஏறினவர், அதற்கப்புறம் இறங்கவே இல்லை. மார்க்கெட் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. மாமி ஜன்னலில் நின்று அதைப் பார்ப்பார்.

நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று பையன்கள் சிலர் முன்வந்தார்கள். மாமி சொன்ன பதிலைக் கட்டடமே இன்னும் சொல்லிச் சிரிக்கிறது. "நாலு பேர் தூக்கிண்டு போற சந்தர்ப்பம் ஒண்ணு தானா வரும். இப்பவே எதுக்கு ஒத்திகை?"

சிரிப்பெல்லாம் சரி. மாமியின் பிள்ளை ரகு முலுண்டில் இருக்கிறான். பதினான்கு மாடிக் கட்டடம், இரண்டு லிஃப்ட். நல்ல பிள்ளைதான், அதுதான் பிரச்னை. தீபாவளிக்குள் உங்கள் லிஃப்ட் ஓடவில்லை என்றால் வீட்டைக் காலி பண்ணி அம்மாவை அழைத்துப் போய்விடுவேன் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டான். மாமிக்கு முலுண்ட் மேல் கோபம் ஒன்றும் இல்லை. வேற்று ஊருக்குக் குடிபோக மனசில்லை, அவ்வளவுதான். மாதுங்காவாசிகளுக்கு அடுத்த ஸ்டேஷனான சயானைத் தாண்டினாலே வேற்று ஊர்.

மாமி என்னைக் கூப்பிட்டனுப்பினார். காபி கொடுத்தார். "ஆயுசு முழுக்கப் படம் போட்டேளே. ஒண்ணு எனக்காகப் போடுங்கோ" என்றார்.

விடுவேனா? பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். நடுவில் பெரிய வட்டம்: பரிசோதனை ஆபீஸ். இடது பக்கம் ஒரு சதுரம்: எங்கள் சொஸைட்டி, அதாவது கட்டடத்துக் குடியிருப்போர் சங்கம். சதுரத்திலிருந்து வட்டத்துக்கு அம்பு: விண்ணப்பம். வட்டத்திலிருந்து வெளியே... ஒன்றும் இல்லை. பார்த்தவுடனே கருந்துளை! இப்படி ஒரு சுத்தமான உதாரணம் என் சர்வீஸிலேயே கிடைத்ததில்லை. எனக்கு உள்ளூரச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு செம்பூரில் இருக்கும் அந்த ஆபீஸுக்குப் போனேன். தகவல் உரிமைச் சட்டம், முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு, எல்லாம் நாக்கு நுனியில் தயாராக இருந்தன. நான் காலங்காலமாக எதிர்பார்த்திருந்த சண்டை.

சண்டை நடக்கவில்லை. அங்கே இருந்த மராத்திப் பெண்மணி என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். விண்ணப்ப எண்ணைத் தட்டினார். பிறகு கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினார். பதில் நாங்கள் தர வேண்டியதில்லை காகா, நீங்கள்தான் தர வேண்டும் என்றார். (காகா என்றால் மராத்தியில் சித்தப்பா.) அதிகாரி வருவதற்கு எந்தெந்த நாள் வசதி, சாவி யாரிடம் இருக்கும், கான்ட்ராக்டர் கூட இருப்பாரா என்று கேட்டு மழைக்காலத்திலேயே சொஸைட்டிக்கு ஈமெயில் போயிருக்கிறது. நினைவூட்டலும் போயிருக்கிறது. இரண்டுக்கும் பதில் இல்லை.

வெளியே வந்து, ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, காலண்டர் தாளை விரித்தேன்.

தப்பு எங்கே என்று உடனே தெரிந்தது. சதுரம்! சதுரம் என்றால் 'இதைத் திறந்து பார்க்க வேண்டியதில்லை' என்று அர்த்தம். எங்கள் கட்டடத்தையே சதுரமாகப் போட்டுவிட்டேன். தன் வீட்டைச் சதுரமாகவும் சர்க்காரை வட்டமாகவும் போடுகிறவன் ஆயுளுக்கும் சர்க்காரைத்தான் திட்டிக்கொண்டிருப்பான். ரப்பரால் அழித்து எங்கள் கட்டடத்தை வட்டமாக்கினேன். ஆபீஸிலிருந்து அதற்குள் அம்பு போனது. வெளியே ஒன்றும் வரவில்லை.

கருந்துளை எங்கள் வீட்டு விலாசத்தில் இருந்தது.

செக்ரட்டரி ரமணியைப் பிடித்தேன். பாங்க்கில் வேலை பார்க்கும் நல்ல பையன். ஈமெயில் வந்ததா என்று கேட்டேன்.

"வந்துதே மாமா. அன்னிக்கே க்ரூப்ல போட்டுட்டேனே."

போட்டிருந்தான். போனைத் திறந்து காட்டினான். எங்கள் கட்டடத்து வாட்ஸ்அப் க்ரூப்பில் ஆபீஸின் கேள்வி படமாகத் தொங்கியது. அதன் கீழே கட்டைவிரல்கள். கூப்பிய கைகள். 'சூப்பர் டீம் வொர்க்' என்று இரண்டாம் மாடி. 'மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி என்ன ஆச்சு' என்று முதல் மாடி. அதற்கும் நாலு கட்டைவிரல். கடைசியில் 'நோட்டட், தாங்க்ஸ்' என்று ஒரு கனவான்.

"இது நீங்கதான் மாமா" என்றான் ரமணி. கொஞ்சம் சந்தோஷமாகவே சொன்னான்.

பொருளாளர் பதில் போடுவார் என்று செக்ரட்டரி நினைத்திருக்கிறான். பொருளாளர், கடிதம் எழுதுவதெல்லாம் சிஸ்டம்ஸ்காரர் வேலை என்று நினைத்திருக்கிறார். சிஸ்டம்ஸ்காரர் 'நோட்டட்' என்று போட்டுவிட்டு மாலை நடைக்குப் போயிருக்கிறார். க்ரூப்பில் போட்டால் காரியம் நடந்துவிட்டதாக எங்கள் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. வாட்ஸ்அப் க்ரூப் வட்டமே இல்லையே... அது இரண்டு கோடு. கிடங்கு. கிடங்கில் போட்ட சாமான் தானாக நடந்து போய் இன்னொரு இடத்தில் இறங்காது. நடுவில் ஒரு வட்டம் வேண்டும். அதாவது, எழுந்து போய்ச் செய்கிற ஓர் ஆள்.

யோசித்துப் பாருங்கள். உங்கள் ஆபீஸில், உங்கள் குடும்பத்தில், அத்தை பிள்ளை கல்யாண ஏற்பாட்டில், எத்தனை பேர் கிடங்கு? எத்தனை பேர் வட்டம்?

ஞாயிற்றுக்கிழமை கமிட்டிக் கூட்டம். மாமிக்கும் கேட்கட்டும் என்று மூன்றாம் மாடி படிக்கட்டு முகப்பில் நடந்தது. நான் புதுப் படத்தைச் சுவரில் ஒட்டினேன். நடுவில் ஒரு வட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். ஆபீஸுக்குப் பதில் சொல்லி, நாள் குறித்து, சாவியையும் சுலைமான் பாயையும் அந்த நாளில் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறவர் யாரோ, அவர் பெயர் இதில் வர வேண்டும் என்றேன்.

ரமணிக்கு மாதக் கடைசி. பொருளாளருக்கு டோம்பிவிலியில் மைத்துனர் வீட்டு கிருகப்பிரவேசம். 'கமிட்டி' என்று எழுதுங்கள் என்றார்கள் எல்லோரும். 'கமிட்டி' என்று எழுதினால் அது மறுபடியும் இரண்டு கோடு ஆகிவிடும் என்றேன். பிறகு எல்லோரும் சேர்ந்து என்னைப் பார்க்க ஆரம்பித்தார்கள்.

அப்போது வாசல்படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜானகி மாமி வாயைத் திறந்தார்.

"என் பேரை எழுதுங்கோ."

ரமணி பதறினான். "மாமி, உங்களால கீழயே இறங்க முடியாதே."

"போன் பேசறதுக்குக் கீழ எதுக்குடா இறங்கணும்?"

நான் பேனாவை எடுத்து வட்டத்துக்குள் 'ஜானகி' என்று எழுதினேன். மாமி எட்டிப் பார்த்து, எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார்.

மறுநாள் காலை ஆரம்பித்தது. மாமியிடம் இருப்பது பட்டன் போன். வாட்ஸ்அப் கிடையாது. அதனால் எதையும் யாருக்கும் தள்ளிவிட வழி இல்லை, பேசித்தான் ஆக வேண்டும். ஆபீஸ் பெண்மணியிடம் மாமி பேசிய மராத்தியைக் கேட்டேன். பழைய டிரங்க் கால் குரல். குழைவும் உண்டு, விடாப்பிடியும் உண்டு. அன்றைக்கே கேள்விகளுக்குப் பதில் போயிற்று. மாமி சொல்லச் சொல்ல ரமணி ஈமெயிலைத் தட்டினான். அந்த வாரமே நாள் குறித்தாயிற்று. அடுத்த வாரத்துக்குள் அந்தப் பெண்மணியின் மகள் எந்தக் காலேஜில் படிக்கிறாள் என்பது வரை மாமிக்குத் தெரிந்திருந்தது.

சுலைமான் பாய் என்னிடம் வந்து முறையிட்டார். "சார், காலைல ஃபஜர் தொழுதுட்டு நிமுந்தா மாமி போனு. மத்தியானம் சோத்துல கை வச்சா மாமி போனு. எங்க வாப்பாகூட என்னைய இப்படி வெரட்டுனதில்ல." சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். அன்றைக்குக் கதவைத் துடைக்கும்போது ஏதோ இந்திப் பாட்டு முணுமுணுத்ததாக மனைவி சொன்னாள்.

அதிகாரி வந்தார். குறித்த நாளில், குறித்த நேரத்துக்குச் சற்று முன்னதாகவே. கதவைப் பார்த்தார், பிரேக்கைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார். பிறகு உள்ளே இருக்கும் அவசர மணியை அழுத்தி, இது அடித்தால் யாருக்குக் கேட்கும் என்றார். வாட்ச்மேனுக்கு என்றான் ரமணி. வாட்ச்மேன் அப்போது பகல் தூக்கத்தில் இருந்தார். மணி அவரை ஒன்றும் செய்யவில்லை.

மேலிருந்து குரல் வந்தது. மணியை என் வீட்டுக்கு இழுங்கள், நான் எங்கே போகப்போகிறேன் என்று மாமி மராத்தியில் சொன்னார். அதிகாரி நிமிர்ந்து பார்த்து, சிரித்து, தாளில் குறித்துக்கொண்டார். எத்தனை பேர் ஏறலாம் என்ற பலகை மராத்தியிலும் வேண்டும் என்று ஒரு குறையும் எழுதினார். சுலைமான் பாய் மறுநாளே பலகையை மாட்டி, மணிக்கும் ஒயர் இழுத்து முடித்துவிட்டார்.

அதன்பிறகு ஆபீஸிலிருந்து மறுபடியும் ஒரு தகவலும் இல்லை.

தீபாவளி நெருங்கியது. மாதுங்கா முழுக்கக் கண்டீல் என்கிற காகித விளக்குக் கூண்டுகள் தொங்க ஆரம்பித்தன. ரகு முலுண்டிலிருந்து அட்டைப் பெட்டிகளோடு வந்தான். மூன்று மாடியும் தூக்கி ஏற்றி ஹாலில் அடுக்கினான். பாத்திரங்களில் கை வைக்கப் போனபோது மாமி தடுத்தார். "தொடாதே. நீ சொன்ன தேதி இன்னும் வரலை." ரகு கையை எடுத்துவிட்டு உட்கார்ந்தான். மாமி போனை மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் படிக்கட்டில் யாரோ தடதடவென்று ஓடி ஏறும் சத்தம். ரமணி. பாங்க்கில் இருக்க வேண்டியவன். பின்னாலேயே நானும் ஏறினேன். மூச்சு வாங்க மாமி வாசலில் நின்று போனை நீட்டினான். அனுமதி வந்திருந்தது.

"க்ரூப்ல போடலையா?" என்றார் மாமி.

"இல்ல மாமி. முதல்ல இங்கதான் வந்தேன்."

மாமி எழுந்தார். உள்ளே போய்ப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வர அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் தாராவியிலிருந்து சுலைமான் பாய் பைக்கில் வந்து சேர்ந்துவிட்டார். அவரே கதவைத் திறந்துவிட்டார். "ஏறுங்கம்மா, பைய" என்றார். முதல் பயணத்தில் மாமி மட்டும் இறங்கினார். இரண்டாவது பயணத்தில் ரகுவின் அட்டைப் பெட்டிகள் காலியாகவே இறங்கின. பிறகு முதல் மாடிக்காரர், இரண்டாம் மாடிக்காரர், வாட்ச்மேன், என் மனைவி. எங்கும் போக வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. இருந்தாலும் வரிசையில் நின்றார்கள்.

பதில் வந்த தேதி, தந்தேரஸ்; தீபாவளிக்குச் சற்று முன் வரும், தங்கம் வாங்குகிற நாள். ஊரே தங்கம் வாங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தோம்.