மீன் வயிற்றில் மாமா

வெட்கம் என்றால் என்னவென்று எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு திமிங்கிலம்.

மெர்டேக்கா என்று சுதந்திரத்தைக் கொண்டாடக் கட்டிய காகிதக் கொடிகள் காஜா பேராங் தெருவில் எங்கள் மளிகைக் கடை வாசலில் வெளுத்துத் தொங்கிக்கொண்டிருந்த சமயம் அது. மழைக்காலம் முடிந்ததும் பெரிய பெரிய மீன்கள் நீரிணை வழியாகப் போகும் என்று மலாய் மீனவர்கள் சொல்வதுண்டு. வழக்கமாக நடுக்கடலோடு போய்விடுகிறவை, அந்த வருடம் என்ன தோன்றியதோ, கிளேபாங் கரையிலிருந்து பார்த்தால் தெரிகிற தூரத்துக்கு வந்துவிட்டன. ஊரே சைக்கிளிலும் பெச்சா ரிக்‌ஷாவிலும் கிளம்பியது. பெருநாளுக்கே அரைமனதாகக் கடையைச் சாத்துகிற வாப்பாகூட அன்றைக்குச் சாத்தினார்.

மாமிக்குத்தான் வர மனமில்லை. மாமா, அதாவது உம்மாவின் தம்பி, எதிரே சுமத்ரா பக்கம் பெங்காலிஸ் தீவுக்குச் தொங்கான் என்னும் சரக்குப் படகில் போனவர், போனவர்தான். "கடல் கொண்டுக்கிட்டுப் போயிருச்சு" என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருந்தார்கள். மாமி எங்கள் வீட்டோடு இருந்தார். மீன் வயிற்றுக்குள் யூனுஸ் நபி ஓதிய துஆவை அந்தியில் தொழுது முடித்துக் கண்ணீரோடு ஓதுவார். கஷ்டத்தில் இருக்கும் யாரும் ஓதுவதுதான் அது. ஆனால் எனக்கு ஆறு வயது. மீன் அந்த நபியை உயிரோடு கரையில் உமிழ்ந்தது என்று ஓதும் பள்ளியில் லெப்பை சொன்ன அன்றே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெரியவர்களுக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று என்பதுதான் ஆச்சரியம்.

ஆகவே மாமியை நான் விடவில்லை. "நீங்க கண்டிப்பா வரணும் மாமி" என்று அழுது அடம்பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

கரையில் வாப்பாவின் வாடிக்கைக்காரர்கள், பள்ளிவாசல் ஆட்கள், என்னோடு படிக்கும் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். கூட்டம் மறைக்கிறதென்று மாமி என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். கறுப்பாக ஒரு முதுகு எழும்பி, புஸ்ஸென்று நீரைப் பீய்ச்சியது. "போவுது, இனி அடுத்த வருசந்தான்" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பதறிப்போய்த் தொண்டை கிழியக் கத்தினேன்.

"மாமா, சீக்கிரம் வெளிய வாங்க. மாமி வந்திருக்காங்க."

யாரோ ஒருவர் சிரித்தார். பிறகு கரையே சிரித்தது. பக்கத்துக் கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மீனுக்குள்ள ஏது புள்ள, ஒங்க மாமா பெங்காலிஸ்ல புதுமாப்பிள்ளையால்ல இருக்காரு" என்றார்.

மாமா அங்கே இன்னொரு நிக்காஹ் முடித்து, துணிக்கடை போட்டு, சௌக்கியமாக இருந்தது ஊருக்கே தெரியும். தெரிந்தும் மாமியின் எதிரில் யாரும் அதுவரை வாய் திறந்ததில்லை. எனக்கு அவர் சொன்னது ஒன்றும் விளங்கவில்லை. என்னைத்தான் கேலி செய்கிறார்கள் என்று காது மடலெல்லாம் சுட்டது.

மாமி என்னை இறக்கிவிட்டார். முக்காட்டை முகம் மறைய இழுத்துவிட்டுக்கொண்டு, யாருக்கும் காத்திராமல் தனியாக வீட்டைப் பார்த்து நடந்தார். வாப்பா யார் முகத்தையும் பார்க்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அதன்பின் மாமி என்னிடம் பல நாள் பேசவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டிருந்தால் மீனுக்குக் கேட்டிருக்கும், அந்தக் கோபம்தான் அவருக்கு என்று நினைத்துக்கொண்டேன்.